வாசலில் நீலம், அறையில் மஞ்சள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிற பிள்ளை, நீயும்தான். இடம் இருக்கிறது, யார் மேல் யார் கால் பட்டாலும் பரவாயில்லை. ஒரு கதை சொல்லப் போகிறேன். பேயும் ராஜாவும் வராத கதை. ஒரு கணப்பு, ஒரு அறை, அதற்குள் பிள்ளை பெற்ற ஒரு பெண், அவளைப் பெற்ற ஒருத்தி. நடுவில் கண் கலங்கினால் துடைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள், பாதிக் கதை பாரமாக இருக்கும்.

ஏற்காட்டு மலையில் தலைச்சோலை என்கிற ஊரில் பெரியண்ணன் என்று ஒருவர். ஏரிப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு பங்களாவுக்கு அவர்தான் காவல். அவர் பெண்டாட்டி வெள்ளையம்மாள், எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுக்கிறவள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஏற்காட்டுக் கடைவீதியில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. தலைச்சோலையில் இன்னும் விறகும் காய்ந்த காப்பித் தோலும்தான். இவர்களுக்கு ஒரே மகள் பாவாயி. கரடியூரில் பொன்னுவேல் என்கிற பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

பாவாயிக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அம்மா வீட்டில்தான் பிறந்தது, அடைமழைக் காலத்தில். கூரை வீடு. ஈர விறகு புகைந்தது, கூரைச் சந்து வழியாகப் பனி இறங்கியது. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. பார்க்க வந்த நர்சம்மா தெரசம்மாள், "இந்தப் புகையிலயா பச்சப் புள்ளையப் போட்டு வெச்சீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பொன்னுவேலைப் பெற்றவள், சம்பந்தி அத்தாயி. மாசம் கழிந்து சந்தையில் பார்த்தபோதுதான் சொன்னாள். "ஒங்கூட்ல குளுரு சாஸ்திங்க, சம்மந்தி. அடுத்த பேறுகாலத்த நாங்களே பாத்துக்கறமுங்க." மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் பெற்றவளிடம், உன் வீட்டில் உன் மகள் பிள்ளை பெறவேண்டாம் என்று சொன்னால் அது எங்கே போய்த் தைக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

பாவாயி மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வெள்ளையம்மாள் கரடியூருக்கு நடந்தே போனாள். அத்தாயி வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டாள். "ஒரே ஒரு தடவ உடுங்க சம்மந்தி. பூப்போலப் பாத்துக்கறன்."

"உடறனுங்க. ஆனா புள்ள ஒரு தும்மல் தும்முச்சுன்னு கேள்விப்பட்டாலும் வந்து தூக்கிக்கிட்டுப் போயிருவன், சொல்லிப்போட்டன்."

"தும்மாதுங்க," என்றாள் வெள்ளையம்மாள். குளிருக்குப் பிணை நின்றுவிட்டு வந்தாள்.

பெரியண்ணன் கூரை வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டினார். செங்கல், சிமெண்டுப் பூச்சு, மேலே தளம். சின்னதாக ஒரு மரச் சன்னல், உயரத்தில் தளத்தை ஒட்டி ஒரு காற்றுச் சந்து. தலைச்சோலையில் அப்படி ஓர் அறை அப்போது வேறு யாருக்கும் இல்லை. சாயங்காலமானால் ஆட்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பங்களாக்காரர்கள் சென்னையிலிருந்து வந்து சாமான்களை ஒழித்தார்கள். ஸ்டோர் ரூமில் மூட்டை கட்டிக் கிடந்த ஒரு பழைய கேஸ் ஹீட்டரை, "வேணும்னா எடுத்துக்கோ பெரியண்ணா" என்று கொடுத்தார்கள். அவர்களுடைய பெரியவர்கள் எந்தக் காலத்திலோ சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. இங்கே ஒருநாளும் சரியாக எரிந்ததில்லையாம். கூட இரண்டு சிலிண்டரும் தந்தார்கள். சிலிண்டரை மட்டும் பிரசவம் முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும் என்றார்கள்.

பெரியண்ணன் அதைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். வெள்ளையம்மாள் குனிந்து பார்த்தாள். இரும்புப் பெட்டி, முன்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுட்ட மண் சீப்புகள்.

"என்னுங்க இது, பல்ல இளிச்சுக்கிட்டு?"

"ஈட்டரு புள்ள. இந்தப் பல்லெல்லாம் செவச் செவன்னு காயும். புகையே வராது."

"புகையே வராதுங்களா?"

"பொட்டுப் புகை வராது."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஹீட்டரைத்தான்.

கடைவீதியில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே அமீர் ஜானின் கடை. பின்னாலேயே வீடு. பம்ப் ஸ்டவ், பெட்ரோமாக்ஸ், கேஸ் அடுப்பு எதுவானாலும் அவரிடம்தான். பேசிக்கொண்டே வேலை செய்வார். பேச்சு நின்றுவிட்டால் வேலை சிக்கலில் இருக்கிறது என்று அர்த்தம். பெரியண்ணனும் வெள்ளையம்மாளும் ஹீட்டரைக் கொண்டுபோய் வைத்த அன்று, அவர் ரப்பர் டியூபை மாட்டித் தீக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனார். குப்பென்று மஞ்சளாக ஒரு சுடர் முழ நீளத்துக்கு எழும்பிக் கடைச் சுவரில் கரியைப் பூசிவிட்டது.

"யா அல்லா!" அவர் திருகை மூடிவிட்டு நெற்றியைத் தடவினார். "கவுண்டரே, எம் புருவம் இருக்குதுங்களா?"

"பாதி இருக்குதுங்க பாய்."

"பாதி போதும். ஜரீனா கண்டுக்க மாட்டா."

"கண்டுக்கிட்டாச்சு," என்று உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. வெள்ளையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"இது நம்மூருக்குச் செஞ்சதில்லீங்க," என்றார் அமீர் ஜான். "சீமையிலெல்லாம் தெருக் குழாயிலயே கேஸு வருமாம். அது காரம் கம்மி. அதனால உள்ள விடற ஓட்டைய பெருசா வெச்சிருக்கான். நம்ம சிலிண்டரு கேஸு காரம் சாஸ்தி, வேகமும் சாஸ்தி. மோரு ஊத்தற அளவுல எண்ணெய ஊத்துனா என்னாவுங்க?"

"அப்ப இது ஆவாதுங்களா?" வெள்ளையம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஆவாதுன்னு எப்பச் சொன்னன்? மாத்திக் குடுக்கறன். நாலு நாளு குடுங்க."

அந்த ஓட்டைக்கு ஜெட் என்று பேர். நகக்கண் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு, நடுவில் துளை. அமீர் ஜான் பழைய துளையைப் பித்தளை உருக்கி அடைத்தார். ஊசியைத் தேய்த்துத் தேய்த்து மயிர் போல ஆக்கி, அதைக் கைத் துரப்பணத்தில் மாட்டிப் புதிதாகத் துளை போட்டார். முதல் துளை சிறிதாகிவிட்டது. சுடர் சீப்பில் நிற்காமல் தவளை மாதிரி குதித்து அணைந்தது. இன்னும் துளி அகலப்படுத்தினார். குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. அதைக் கம்பி விட்டு நோண்டி எடுத்தார். உடைந்த சீப்பு இரண்டை ஓரத்துக்கு மாற்றினார். கடைசியில் நீலமாக, சத்தமில்லாமல், சங்குப்பூ மொட்டு மாதிரி வரிசையாகச் சுடர் நின்றது. சீப்புகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கடைக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட வந்து கையைக் காட்டிக் குளிர் காய்ந்தார்கள்.

"எங்க வெக்கப் போறீங்க?"

"மவ பேறுகாலத்துக்குங்க பாய்," என்றாள் வெள்ளையம்மாள்.

"நல்லபடியா ஆவட்டும். துணி கிணி கிட்டக்க வெக்காதீங்க. மஞ்சளா எரிஞ்சா, பல்லுல கரி புடிச்சா, ஜெட்டுல அடைப்புன்னு அர்த்தம். எடுத்துக்கிட்டு வாங்க, சுத்தம் பண்ணித் தாரன்."

அது அவருடைய வாழ்நாள் பாடம். ஸ்டவ் மஞ்சளாக எரிந்தால் ஸ்டவ்வில்தான் கோளாறு. அறையைப் பற்றி அவர் கேட்கவில்லை. மலையில் சந்து பொந்து இல்லாத வீடு எது? அவர் வீட்டிலேயே காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மார்கழியில் பாவாயிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. பக்கத்து வீட்டுப் பூவாயிதான் மருத்துவம் பார்த்தாள். காலையில் விழித்தால் வாசலுக்கு எதிரே இருக்கிற பலாமரம் தெரியாத அளவுக்குப் பனி. எஸ்டேட்டில் பழம் எடுப்பு மும்முரம். கணக்கெழுதுகிற ரைட்டர் இரண்டு தடவை ஆளனுப்பியும் வெள்ளையம்மாள் போகவில்லை. அறைக்குள் ஹீட்டர் சிவந்து கிடந்தது. பாவாயி கம்பளியை விலக்கிப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள், கை காலெல்லாம் இதமாக.

"அம்மா, கீழ சேலத்துல இருக்கற மாதிரி இருக்குதும்மா."

"இரு கண்ணு. நல்லா இரு."

பூண்டும் மிளகும் அரைத்துவிட்ட குழம்பு, குழைந்த சாமைச் சோறு, சுக்குக் கஷாயம், கருப்பட்டி. மகள் சாப்பிடச் சாப்பிட வெள்ளையம்மாளுக்குப் பசி அடங்கியது. பெரியண்ணன் வாசலோடு சரி. தீட்டுக் கழித்துத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் பிள்ளை பெற்ற அறையின் நிலைப்படியை ஆண்பிள்ளை தாண்டக்கூடாது. பெற்ற அப்பனானாலும், கட்டினவனானாலும். அவர் வெளியே நின்று, "பையன் என்ன பண்றான்?" என்று கேட்பார். "உங்களாட்டத் தூங்கறான்" என்று உள்ளே இருந்து பதில் வரும்.

அத்தாயி பார்க்க வந்தாள். பேரனை மடியில் வைத்துக் கொஞ்சினாள். ஹீட்டரைச் சுற்றி வந்தாள். பிறகு புறங்கையைச் சுவரில் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். உயரத்துச் சந்துக்குக் கீழே வந்ததும் நின்றாள்.

"இங்க காத்து வருதுங்களே, சம்மந்தி."

"அது சும்மா, புகை போறதுக்கு உட்டதுங்க."

"புகைதான் இல்லீங்களே?"

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. கூரை வீட்டில் சந்து விடுவது எதற்கு? புகை போவதற்கு. புகையில்லாத நெருப்புக்குச் சந்து எதற்கு? அத்தாயி பஸ் ஏறுவதற்குள் வெள்ளையம்மாள் முக்காலி போட்டு ஏறிவிட்டாள். பழைய புடவையை முறுக்கிச் சந்தில் திணித்தாள். மேலே சாணியும் மண்ணும் குழைத்து, கூரை வீட்டு விரிசலுக்கு மெழுகுவாளே, அதே மாதிரி வழவழவென்று மெழுகினாள். சன்னல் விளிம்பிலும் அப்படியே. கதவுக்கடியில் சாக்கை மடித்து வைத்தாள். இறங்கி நின்று புறங்கையை நீட்டிப் பார்த்தாள். ஒரு இழை காற்று இல்லை. அவளுக்கு என்ன நிம்மதி தெரியுமா, கண்ணுகளா? பிணை நின்றதைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற நிம்மதி.

மறுநாள் ஹீட்டர் மஞ்சளாக எரிந்தது. வெள்ளைச் சீப்புகளின் நுனியில் கரி.

பெரியண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போனார். அமீர் ஜான் மாட்டிக் கொளுத்தினார். அச்சு நீலம். "நல்லாத்தான எரியுது?" என்று சொல்லிக்கொண்டே ஜெட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி ஊதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கொளுத்தியதும் கொஞ்ச நேரம் நீலமாகவே எரிந்தது. அடுப்பில் உலை கொதிப்பதற்குள் மறுபடியும் மஞ்சள்.

பாவாயி தலையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, பொடனியெல்லாம் வலிக்குதும்மா. கொமட்டுது."

"சீதளம் கண்ணு. பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். எங்கியோ காத்து பூந்திருக்குது."

கஷாயத்தில் மிளகைக் கூட்டினாள். மகள் தலைக்குத் துணி சுற்றினாள். ஹீட்டரை இன்னும் திருகிவிட்டாள். வலி எதனால் வந்ததோ அதையே மருந்தென்று நினைத்து ஊட்டினாள். அவளைத் திட்டாதீர்கள். குளிரால் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு எந்த வலியும் குளிராகத்தான் தெரியும்.

குழந்தையும் சோர்ந்தது. பாலைச் சப்பிவிட்டு விட்டுவிடும். வெள்ளையம்மாள் வாசலுக்கு ஓடினாள். "பாயவே கையோட கூட்டிக்கிட்டு வாங்க," என்று புருஷனை அனுப்பினாள்.

அமீர் ஜான் பையில் சாமான்களை எடுத்து வைக்கும்போது ஜரீனா கேட்டாள். "நானும் வரட்டுங்களா? பச்சப் புள்ளையப் பாத்த மாதிரி இருக்கும். அந்தப் பொண்ணையும் பாத்துட்டு வாரன்."

"இந்தத் தூத்தல்லயா? பஸ்ஸுல நிக்க எடமிருக்காது. ரிப்பேருக்குப் போறன், விருந்துக்கில்ல."

"சரி போங்க. பேருக்கு ஒரு பொம்பளையாவது வந்தாளுன்னு இருக்கும்னு சொன்னன்."

தலைச்சோலை வந்து சேர்ந்தபோது பனியில் ஊரே இல்லை. குரல்கள் மட்டும் இருந்தன. வெள்ளையம்மாள் கையில் துணி சுற்றிக்கொண்டு ஹீட்டரை இழுத்து வந்து வாசலில் வைத்தாள். சிலிண்டரையும் உருட்டி வந்தாள். அமீர் ஜான் சாக்கை விரித்து உட்கார்ந்து கொளுத்தினார்.

நீலம். துளி மஞ்சள் இல்லை.

"இதப் பாருங்க கவுண்டரே. எதச் சொல்றீங்க நீங்க?"

"உள்ள வெச்சா மஞ்சளாயிருதுங்க பாய்."

"வெளிய வெச்சா?"

"இந்தாப் பாக்கறீங்களே."

"அப்ப வெளியவே வெச்சுக்குங்க," என்றாள் பூவாயி, விறகோடு போகிறபோது. அவள் பேச்சுக்கு எல்லோரும் சிரித்தார்கள். அமீர் ஜானும் சிரித்தார். பிறகு அவர் பேச்சு நின்றுவிட்டது.

அவர் அறைக் கதவைப் பார்த்தார். பாதி திறந்த கதவில் ஒரு சேலைத் திரை. அதற்குப் பின்னால் குழந்தை முனகுகிற சத்தம். உள்ளே போய் ஒரு பார்வை பார்த்தால் போதும். ஆனால் பிள்ளை பெற்ற அறை. இந்த வீட்டு ஆண்பிள்ளையே தாண்டாத படி. வேற்று ஆண், வேற்று மதத்தான், எப்படிக் கேட்பது? உள்ளே சன்னல் இருக்கிறதா, சந்து இருக்கிறதா என்று வாயால் கேட்டிருக்கலாமே என்பீர்கள். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கிற அறையைப் பற்றி வாயால் கேட்பதும் எட்டிப் பார்ப்பதும் அவருக்கு ஒன்றாகவே பட்டது. வெள்ளையம்மாளும் அவர் கண் போன திக்கைப் பார்த்தாள். உள்ளே வந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அத்தாயி காதுக்குப் போனால்? வார்த்தையை விழுங்கிவிட்டாள். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தார்கள்.

"ஜெட்ட இன்னும் கொஞ்சம் சின்னதாக்கித் தாரனுங்க," என்றார் அவர். "சுடரு கொறைவா வரும். மஞ்சளடிக்காது."

அங்கேயே சுருக்கிக் கொடுத்தார். காப்பி குடித்தார். இருக்கிற ஆரஞ்சில் நல்லதாகப் பொறுக்கி வெள்ளையம்மாள் ஒரு துணியில் கட்டிக் கொடுத்தாள், ஜரீனாவுக்கென்று.

சுடர் சிறிதானதால் சூடு குறைந்தது. சூடு குறைந்ததால், முன்பு விட்டு விட்டு எரித்ததை இப்போது அணைக்காமல் எரித்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் பனி கொஞ்சம் விலகியது. வெயில் என்று சொல்ல முடியாது, வெளுப்பு. வெள்ளையம்மாள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து ஊற்ற வெந்நீர் காய்ச்சினாள். பின்பக்கத்து அடுப்படியில்தான் குளிப்பாட்டுவது. அறைக்குப் போய்க் குழந்தையை எடுத்தாள். பாவாயி கண்ணைச் சொருகிக்கொண்டு கிடந்தாள்.

"தலவலி எப்படிக் கண்ணு இருக்குது?"

"தூக்கமா வருதும்மா."

"தூங்கு சாமி."

கதவைத் திறந்ததில் குளிர் புகுந்திருக்குமே என்று ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டாள். வெளியே வந்து கதவைச் சாத்தி, சாக்கை வெளிப்பக்கமிருந்து காலால் நெருக்கினாள்.

குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்தாள். முதலில் துணி மாதிரிக் கிடந்தது. இரண்டு சொம்பு ஊற்றியதும் கையை உதறியது. மூன்றாவது சொம்புக்கு வாயைத் திறந்து வீறிட்டது பாருங்கள், பலாமரத்துக் காக்கை பறந்து போகிற மாதிரி. வெள்ளையம்மாளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பாவாயி! கேட்டியா உம் மவன் கத்தறத! சிங்கக்குட்டியாட்டக் கத்தறான் பாரு!"

பதில் இல்லை. தூங்குகிறாள் பாவம், தூங்கட்டும் என்று நினைத்தாள்.

குழந்தையைத் துவட்டி, சாம்பிராணி காட்டி, அடுப்போரம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. அவள் அதன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். அதோடு பேசினாள். அது உதட்டைக் கோணியது. பெரியண்ணன் தூர நின்று எட்டிப் பார்த்து, "மூக்கு நம்ம பக்கம்" என்றார். "முழி கரடியூருப் பக்கம், பாத்தீங்களா?" என்றாள் அவள். அந்த நேரத்தை அவளால் பிற்பாடு மன்னிக்கவே முடியவில்லை. அவள் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நேரம் இருந்ததில்லை என்பதால்தான் முடியவில்லை.

குழந்தை பாலுக்கு அழ ஆரம்பித்தபோதுதான் எழுந்து போனாள்.

அறைக்குள் ஹீட்டர் மஞ்சளாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பாவாயி மல்லாந்து கிடந்தாள். கன்னம் இரண்டும் காப்பிப் பழம் மாதிரிச் சிவந்திருந்தது. எவ்வளவு நிறம் வந்திருக்கிறது என்று ஒரு கணம் பெற்றவள் பூரித்துப் போனாள். பிறகு தோளைத் தொட்டாள். உலுக்கினாள்.

"ஏனுங்க! ஏனுங்க, ஓடியாங்க!"

பெரியண்ணன் நிலைப்படியில் ஒரு நொடி நின்றார். அப்புறம் தாண்டினார். மகளை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து பனி ஈரம் காயாத மண்ணில் போட்டார். பூவாயி ஓடிவந்து முகத்தில் தண்ணீரை அடித்தாள். மலைக்காற்று சில்லென்று வந்தது. அந்தக் காற்றுதான் அவள் மார்பை மறுபடி ஏறி இறங்க வைத்தது. எஸ்டேட் ஜீப் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவெல்லாம் பெரியண்ணன் மகள் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். சேலத்து ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். டாக்டர் அவரைக் கூப்பிட்டு, "கேஸ் கசியலைங்க. காத்தில்லாத ரூம்ல நெருப்பு எரிஞ்சா வாசனையே இல்லாத ஒரு விஷம் வரும். அதுதான்" என்றார்.

பொன்னுவேல் அமீர் ஜானின் கடைக்குப் போய் நின்று கத்தினான். "மாத்தித் தாரன், மாத்தித் தாரன்னு எம் பொண்டாட்டியக் கொன்னிருப்பியே பாய்!" கடைவீதி பார்த்துக்கொண்டிருந்தது. அமீர் ஜான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். அடுத்த நாள் காலையில் அவரும் ஜரீனாவும் தலைச்சோலைக்கு வந்தார்கள்.

ஜரீனா நேராக அறைக்குள் போனாள். யாரும் தடுக்கவில்லை. உள்ளே முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது, மண் பெயர்ந்து உதிர்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் கையில் சாணி காய்ந்து முறுக்கிய புடவை இருந்தது. அதைப் புருஷன் காலடியில் வைத்தாள்.

அமீர் ஜான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கணுமுங்க நானு. உள்ள சன்னலு தொறந்திருக்குதான்னு ஒரே வார்த்த. வாசல்ல நீலமா எரியறது உள்ள மஞ்சளா எரிஞ்சா, கோளாறு ஈட்டருல இல்லீங்களே. இத்தன வருசம் நெருப்போட பழகி, அது தெரியல எனக்கு."

"கேட்டிருந்தாலும் தொறந்திருக்குதுன்னு சொல்லியிருப்பனுங்க பாய்," என்றாள் வெள்ளையம்மாள். "அடைச்சது எனக்கு அடைச்ச மாதிரியே தெரியலீங்க. போத்தி உட்ட மாதிரி இருந்துச்சு."

ஜரீனா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வாரன்னு சொன்னனுங்க்கா. சொன்னதோட உட்டுட்டன். அடம் புடிச்சு வந்திருக்கணும்."

மூன்று பேரும் அப்படி ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்ளப் பார்த்தார்கள். பங்கு போட்டும் யாருக்கும் பாரம் குறையவில்லை.

பாவாயி பிழைத்து வந்தாள். பேசினாள், சிரித்தாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. குலசாமிக்குக் கோழி அறுத்தார்கள். அதற்கப்புறம்தான், தை போய் மாசி வருகிற சமயத்தில், அவள் ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். தண்ணீருக்குப் போனவள் குடத்தோடு பாதி வழியில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் குழந்தையைக் காப்பித் தோட்டத்து ஓரத்தில் படுக்க வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். "கொழந்தை எங்க கண்ணு?" என்று கேட்டதற்கு, "எந்தக் கொழந்தைம்மா?" என்றாள். மறுபடியும் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த விஷம் சில பேருக்கு இப்படிப் பின்னால் வந்து பிடிக்கும், கொஞ்சம் தெளியலாம், தெளியாமலும் போகலாம் என்றார்கள்.

அத்தாயி வந்தாள். சண்டை போடவில்லை. அவளும் அன்றைக்குச் சுவரைத் தடவியவள்தானே. அது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "நான் வளத்தறனுங்க சம்மந்தி. இவள நீங்க பாத்துக்குங்க," என்றாள். வெள்ளையம்மாள் பஸ் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தாள். பையன் வழியெல்லாம் கையைக் காலை உதைத்துக்கொண்டு போனான். ஒரு தும்மல் தும்மவில்லை.

இன்னும் கேளுங்கள், கொஞ்சம்தான் இருக்கிறது.

பையன் நன்றாக வளர்ந்தான். சளி என்று ஒருநாள் படுத்ததில்லை. வெள்ளையம்மாள் வேலையில்லாத நாளில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு கரடியூருக்குப் போவாள். அத்தாயி கருப்பட்டிக் காப்பி வைத்துக் கொடுப்பாள். அவன் நடக்கக் கற்றுக்கொண்ட சமயம் ஒருநாள் போனார்கள். காப்பிக் களத்தில் பழம் காயப் போட்டிருந்தது. அவன் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிவப்புச் சாறு. "ஆத்தா! ஆத்தா!" என்று அத்தாயியைக் கூப்பிட்டான்.

பாவாயி களத்து ஓரத்தில் நின்று பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"எவ்வளவு அழகா இருக்கறான் பாரும்மா. ஆரூட்டுப் பையன்?"

வெள்ளையம்மாள் மகள் கையைப் பிடித்தாள். "உம் பையன்தான் கண்ணு. நீ பெத்தது."

பாவாயி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "எம் புள்ளையா? நெசமாலுமாம்மா? எம் புள்ளையா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓடிப்போய் அவன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, தொட்டால் கலைந்துவிடுவானோ என்கிற மாதிரி ஒரு விரலால் அவன் கன்னத்தைத் தொட்டாள். உலகத்தில் எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு சந்தோஷம் ஒரு தடவைதான் கிடைக்கும்.

காப்பி குடித்து முடிப்பதற்குள் மறந்துவிட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, அந்தக் களத்துல ஒரு பையன் வெளையாடறான் பாரு. ஆரூட்டுப் பையன்?" என்றாள்.

வெள்ளையம்மாள் நகர்ந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள். சொல்லாமல் விட்டால் மகளுக்கு ஒன்றும் குறையாது. சொல்லச் சொல்ல நோவது இவளுக்குத்தான். ஆனாலும் சொன்னாள்.

"உம் பையன்தான் கண்ணு."

அவ்வளவுதான், கண்ணுகளா. போய்ப் படுங்கள். இந்தக் கதையைக் கேட்டவர்கள் வீடெல்லாம் நல்லா இருக்கட்டும். உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும், அது ஓடிவந்து அவள் மடியில் ஏறட்டும். உங்கள் வாசலில் நின்று ஒன்றைக் கேட்க நினைக்கிறவருக்குக் கூச்சம் விலகட்டும், சொல்ல நினைக்கிற உங்களுக்கும் வாய் வரட்டும். குளிருக்குக் கம்பளியும், பசிக்குச் சோறும், ஆளுக்கு ஆள் துணையும் உங்கள் வீட்டில் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.